கடலுக்கு முதுகு காட்டி

விசில் சத்தம் காதைக் கிழித்தது.

விட்டு விட்டு அல்ல, விடாமல். கோவளம் கடற்கரையில் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்த அத்தனை பேரும் பதறிப்போய்க் கடலைப் பார்த்தார்கள். வனிதா மட்டும் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடைகளுக்குக் கீழே, ஐஸ்கிரீம் வண்டியைச் சுற்றி, லைட்ஹவுஸ் படிக்கட்டில் என்று அவள் கண் ஒவ்வொரு முகமாகத் தாவிக்கொண்டிருந்தது. அந்த விசில் தனக்காகத்தான் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

பின்னால் எழும்பி வந்த அலை அவளை முட்டிக்காலில் அடித்து மடக்கி உட்கார வைத்தது. பாசிப்பயறு நிறப் புடவை இடுப்புவரை நனைந்து கனத்தது. வாயெல்லாம் உப்பு. இழுத்துக்கொண்டு போகப் பார்த்த தண்ணீரிலிருந்து யாரோ தோளைப் பிடித்துத் தூக்கினார்கள். நீலச் சட்டை போட்ட லைஃப்கார்டு.

"சேச்சீ! எத்ர நேரமாயி விசில் அடிக்குன்னு! கடலுக்குப் புறம் காட்டி நில்க்கல்லே!" அக்கா, கடலுக்கு முதுகைக் காட்டி நிற்காதே என்று மலையாளத்தில் கத்தினான்.

கரையில் நின்ற மகள் கிருத்திகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கையிலிருந்த போனில் அதையும் படம் எடுத்துவிட்டாள்.

"கடலுக்கு வந்துட்டு ரோட்டப் பாத்துட்டு நின்னா இப்பிடித்தாம்மா ஆகும். அப்பிடி யாரத்தான் தேடறே?"

"யாரத் தேடறேன்? உங்கப்பனத்தான். எங்க போனாருன்னு..."

"அப்பா உம்பக்கத்துலதான் நிக்கறாரு."

பூபதிராஜா பக்கத்தில்தான் நின்றிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, போனைக் காதில் வைத்து, அதிலிருந்து வந்த பெண்குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். 'மோட்டார் நிறுத்தப்பட்டது' என்றது குரல். தோப்புக் கிணற்றின் மோட்டாரைப் போனிலேயே ஓட்டி, போனிலேயே நிறுத்தும் வசதி வந்ததிலிருந்து அவர் எங்கே போனாலும் பாதி ஆள் கொழிஞ்சாம்பாறையில்தான் இருப்பார்.

மனைவியின் நனைந்த கோலத்தைப் பார்த்தார். கிருத்திகா அந்தப் பக்கம் திரும்பியதும் குரலைத் தாழ்த்தினார்.

"அவங்க வந்துட்டாங்களா?"

"மெதுவாப் பேசுங்க! இன்னும் காணோம்."

"மாட்டுனா எனக்கு ஒண்ணும் தெரியாது, பாத்துக்க. எல்லாம் நீயும் எங்கக்காளும் பண்ணுன வேலை."

வேலை இதுதான்.

கிருத்திகாவுக்கு அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரியில் லைவ்ஸ்டாக் இன்ஸ்பெக்டர் உத்தியோகம். சுற்றுவட்டார மாடுகளுக்கெல்லாம் ஊசி போடுவது அவள்தான். திமிறுகிற காளையைக்கூட ஒரு அதட்டலில் நிறுத்திவிடுவாள். ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பது மட்டும் அவளுக்கு வேப்பங்காய். கடைசியாக வந்த கூட்டத்தில் மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருத்தி, "சவுரி வெச்சிருக்கறயா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே எல்லார் முன்னாலும் அவள் பின்னலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கிருத்திகா தட்டைக் கீழே வைத்தாள். உள்ளே போனாள். அவர்கள் கார் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

அன்று ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் அம்மாவிடம் சொன்னாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள்.

"இனி ஒருக்கா யாரு முன்னாலயாச்சும் என்னக் கொண்டுபோய் நிறுத்துனே, காசர்கோட்டுக்கு மாறுதல் கேட்டுட்டுப் போயிருவேன். அந்தக் கோடிக்குப் போறதுக்கு ஆளில்லாமக் கெடக்குது. கேட்டாக் கையோட குடுத்துருவாங்க."

கேரளத்தின் இந்தக் கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கொழிஞ்சாம்பாறை; அந்தக் கோடியில் காசர்கோடு. ஒரே பிள்ளை. அவள் போய்விட்டால் அந்தப் பெரிய வீட்டில் வனிதாவுக்குப் பேச்சுத் துணைக்கு மோட்டார்க்காரிதான் மிச்சம். கிருத்திகா சொன்னால் செய்கிறவள் என்பதும் தெரியும்.

தெரிந்தும், பூபதிராஜாவின் அக்கா கமலாத்தாள் பொள்ளாச்சியிலிருந்து போன் போட்டபோது வனிதாவால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

"தங்கமான எடம், வனிதா. கிணத்துக்கடவு. பையன் பேரு ஹரிபிரசாந்த். ஊட்டுக்கு ஒரே பையன். ஓணம் லீவுல கோவளம் போறாங்களாம். நீங்களும் போங்க. தற்செயலாப் பாத்த மாதிரி பாத்துக்கலாம்."

தற்செயலாகப் பார்ப்பது என்பது அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் புதிது அல்ல. கோயிலிலோ ஜவுளிக் கடையிலோ இரண்டு வீட்டாரும் 'அடடே' என்று சந்தித்துக்கொள்வார்கள். கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசுவார்கள். கலைந்துவிடுவார்கள். பிடித்தால் பிறகு முறைப்படி வருவார்கள். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை.

"ஆனா ஒண்ணு, வனிதா" என்றாள் கமலாத்தாள். "நீங்கதானா அவங்கன்னு வாயத் தொறந்து கேட்டுறக் கூடாது. அவங்களும் கேக்க மாட்டாங்க. கேட்டுட்டா அப்புறம் அது பொண்ணு பாத்த கணக்காயிரும். வரலைன்னாலும் எனக்குப் போன் போட்டு ஏன்னு கேக்காதே. வரலைன்னா அதுவே பதிலு. புரியுதா?"

"அடையாளம் எப்பிடிங்க நங்கை?" என்று நாத்தனாரைக் கேட்டாள் வனிதா.

"நீ பாசிப்பயறு கலர் பொடவ கட்டிக்க, நான் சொல்லீர்றேன். சாயங்காலம் லைட்ஹவுஸ் பக்கம். பையன் நல்ல ஒசரம், கண்ணாடி போட்டிருப்பான். போட்டோ அனுப்பறேன்."

போட்டோ வந்தது. யாருடைய கல்யாணத்திலோ எடுத்தது. எட்டுப் பத்துப் பையன்கள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒருத்தன் மேல் ஒருத்தன் சாய்ந்து நின்றார்கள். நடுவில் நிற்கிறவன்தான், இப்போது தாடியை எடுத்துவிட்டான் என்று நங்கை சொன்னாள். போனை அடிக்கடி கிருத்திகா எடுப்பாளே என்ற பயத்தில் வனிதா அந்தப் போட்டோவை அப்போதே அழித்துவிட்டாள். இப்போது கண்ணை மூடினால் அத்தனை பேரும் ஒரே முகத்தோடுதான் வந்தார்கள்.

ஆவணி பிறந்ததும் கோவளம் பேச்சை எடுத்தபோது கிருத்திகா மறுத்துப் பேசுவாள் என்று வனிதா தயாராக இருந்தாள். அவளோ, "போலாம்மா. நீயும் கடலே பாத்ததில்லயே" என்று அன்றைக்கே ரயிலுக்கு முன்பதிவு செய்துவிட்டாள். கறவை மாடுகளைக் கட்டிக்கொண்டு அழுகிறவளுக்கு எங்கே கடல்? இந்த மூன்று நாளைக்கு மாடுகளைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்துத் தோட்டத்துக் குப்பண்ணனைக் கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்ததும் கிருத்திகாதான்.

ரயிலில் வரும்போதும் மாட்டுப் பேச்சுத்தான் பேசினாள். "செவலைக்கு அடுத்த மாசம் ஊசி போடோணும்மா. நல்லேப்பிள்ளி ஆஸ்பத்திரில சொல்லி வெச்சிருக்கேன், அங்கிருந்து ஆள் வரும். பால் ஊத்தக் குப்பண்ணன் பையனையே வெச்சுக்க, நல்ல பையன்." வனிதா தலையை ஆட்டினாள். காது அங்கே இல்லை. பெட்டிக்குள் நடந்து போகிற ஒவ்வொரு உயரமான பையனையும் கண்ணாடி போட்டிருக்கிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போதும் அதே பாடுதான். ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே கரையேறினாள். ஓணம் விடுமுறை. கேரளமே அங்கே வந்து கொட்டிவிட்ட மாதிரி கூட்டம். சிவப்புக் கொடி நட்டிருந்த இடத்தில் ஒரு கூட்டம் அலையைச் சீண்டிக்கொண்டிருந்தது. கறுப்பும் வெளுப்புமாகக் கிடந்த மணலில் வடநாட்டுப் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். லுங்கி விற்கிறவன், அன்னாசி வெட்டுகிறவள், சிவந்துபோய்க் கிடக்கும் வெள்ளைக்காரர்கள். இதற்குள் கிணத்துக்கடவை எங்கே போய்த் தேடுவது?

"அம்மா, இங்க பாரு. கப்பல் போகுது."

"ம்ம், பாத்தேன் பாத்தேன்."

"நீ பாக்கவே இல்ல."

"அப்புறமாப் பாக்கறேன் கண்ணு. கடலு எங்க போயிரும்?"

கிருத்திகா அவளையே ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு போனைத் தூக்கி, திரும்பி நின்ற அம்மாவை இன்னொரு படம் எடுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அந்தச் சொல் கேட்டது. மலையாளமும் இந்தியும் இங்கிலீஷும் கலந்து இரைந்துகொண்டிருந்த அந்தக் கூட்டத்தில் அது மட்டும் தனியாக வந்து காதில் விழுந்தது.

"ஏனுங், செருப்பக் கையில எடுத்துக்கங்க. அல வந்து கொண்டுபோயிரப் போகுது."

வனிதா சுழன்று திரும்பினாள். பத்தடி தூரத்தில் ஒரு குடும்பம். வழுக்கைத் தலையோடு ஒருவர். ஜரிகைப் புடவையில் ஒரு அம்மாள். கூடவே ஒரு பையன். நல்ல உயரம். கண்ணாடி!

தாடி மட்டும் இருந்தது. மறுபடி விட்டிருப்பான் என்று வனிதா தீர்மானித்துக்கொண்டாள். கணவர் விலாவில் முழங்கையால் ஒரு இடி.

"வந்துட்டாங்க. சிரிச்ச மொகமா இருங்க. அந்தப் போன உள்ள வைங்க."

இரண்டே எட்டில் அவர்கள் பக்கத்தில் போய்விட்டாள்.

"நம்மூரு பேச்சுக் கேட்டுதுங்க, அதான் திரும்புனேன். எந்த ஊருங்க நீங்க?"

அந்த அம்மாள் முகமெல்லாம் பல்லாக, "நெகமமுங்க. நீங்க?" என்றாள்.

கிணத்துக்கடவு என்று சொல்லாமல் நெகமம் என்கிறாளே! என்ன சாமர்த்தியம்! வனிதாவுக்கு அந்த நொடியிலேயே சம்பந்தியம்மாளைப் பிடித்துப்போய்விட்டது.

"கொழிஞ்சாம்பாறைங்க."

"அட, நம்ம சனமுங்களா! ஏனுங், இங்க வாங்க. கொழிஞ்சாம்பாறைக்காரங்களாமா."

வழுக்கைத் தலைக்காரர் பெயர் சென்னிமலை. கொப்பரை வியாபாரம். மனைவி ருக்குமணி. பையனை அவர் "இவன் கௌசிக்குங்க" என்று காட்டியபோது வனிதா ஒரு கணம் தடுமாறினாள். ஹரிபிரசாந்த் அல்லவா? பேரைக்கூட மாற்றிச் சொல்கிறார்கள். கிருத்திகாவுக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாதென்று எவ்வளவு பார்த்துச் செய்கிறார்கள்!

தேங்காய் என்றதும் பூபதிராஜாவுக்கு நாக்கு அவிழ்ந்துவிட்டது. இரண்டு ஆண்களும் கொப்பரை விலையில் ஆரம்பித்து, தேங்காயைச் சொறியாக்கும் ஈரியோபைட் சிலந்தியைத் திட்டி, கள் இறக்க மரம் விடுவது லாபமா நட்டமா என்று போய்க்கொண்டிருந்தார்கள். வனிதா எல்லாரையும் ஒரு பெரிய குடைக்குக் கீழே கூட்டிக்கொண்டு போய் நாற்காலிகளில் உட்கார வைத்தாள். கிருத்திகாவைப் பையனுக்கு நேர் எதிரில். பின்னால் கடல் கிடந்து அடித்துக்கொண்டது.

"எங்க கிருத்திகா கவர்மெண்டு உத்தியோகமுங்க. மாட்டு டாக்டரு மாதிரி" என்றாள் வனிதா.

"டாக்டர் இல்லைங்க. ஊசி போடறவ" என்றாள் கிருத்திகா.

கௌசிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "மாட்டுக்கு ஊசி போட்டா ஒதைக்காதுங்களா?"

"மனுசங்கள விடக் கம்மிதானுங்க."

ருக்குமணி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்த வேகத்தில் கையை நீட்டி, கிருத்திகாவின் தோளில் கிடந்த பின்னலை எடுத்துப் பார்த்தாள்.

"எத்தாச்சோடு நீள முடி கண்ணு! என்னத்தத் தேய்க்கற?"

வனிதா நாற்காலி நுனிக்கு வந்தாள். போச்சு. முடியைத் தொட்டுப் பார்க்கிறவர்கள் யாரென்று கிருத்திகாவுக்குத் தெரியாதா? இதோ எழுந்திருக்கப் போகிறாள். இதோ கிளம்பப் போகிறாள். காசர்கோடு.

கிருத்திகா எழுந்திருக்கவில்லை. "நல்லா இழுத்துப் பாருங்க அத்தை. ஒரிஜினலுதான்" என்றாள் சிரித்துக்கொண்டே. ஓரக்கண்ணால் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று வனிதாவுக்குப் பிடிபடவில்லை. ஆனால் 'அத்தை' என்றாளே! அது போதும்.

அவளுக்கு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஐஸ் மேல் மீன் அடுக்கி வைத்திருந்த ஓட்டலுக்கு ஓடிப்போய் ஒரு பெரிய நெய்மீனைக் காட்டி வறுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். தண்ணீர் பாட்டில் வாங்கினாள். திரும்பி வந்து, "கௌசிக் தம்பீ, நம்ம கிருத்தியக் கூட்டிட்டுப் போய் எளனி வாங்கிட்டு வா சாமி" என்று இருவரையும் எழுப்பி அனுப்பினாள்.

பூபதிராஜாவுக்குப் பொறுக்கவில்லை. "தோப்புல தேங்காயா உழுந்து கெடக்குது. இங்க வந்து எளனிய வெலைக்கு வாங்கிக் குடிக்கறதா?"

"நீங்க சும்மா இருங்க!"

இளநீர்க்காரனிடம் இருவரும் நின்று பேசிக்கொண்டிருப்பதை வனிதா கண் கொட்டாமல் பார்த்தாள். பையன் என்னவோ சொன்னான். கிருத்திகா தலையைச் சாய்த்துக் கேட்டாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. லைட்ஹவுஸின் சிவப்பு வெள்ளைப் பட்டைகள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன. இந்தத் தை மாதமே வைத்துவிடலாமா? மண்டபம் பொள்ளாச்சியிலா, பாலக்காட்டுச் சித்தூரிலா? வனிதா மனசுக்குள் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

மீன் வந்தது. இளநீர் வந்தது. எல்லாரும் சாப்பிட்டார்கள். சென்னிமலை மீன் முள்ளை எடுத்துப் போட்டுக்கொண்டே, ஊர்க்கதை தீர்ந்தவர்கள் அடுத்தபடி கேட்கும் கேள்வியைச் சாவகாசமாகக் கேட்டார்.

"ஆமா, நீங்க எந்தக் கூட்டமுங்க?"

வனிதாவின் கை பாதியில் நின்றது. கூட்டம் என்பது வம்சம். சம்பந்தம் என்று வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே முதலில் கேட்டு முடித்துவிடுகிற விஷயம். இந்தப் பேச்சை நங்கை ஆரம்பித்த அன்றைக்கே அவர்கள் தூரன் கூட்டம், நாம் ஆந்தை கூட்டம், பொருத்தம்தான் என்று சொல்லி முடித்தாயிற்று. இப்போது போய் இவர் எதற்கு இதைக் கேட்கிறார்? நடிப்புக்கும் ஒரு அளவு வேண்டாமா?

"ஆந்தை கூட்டமுங்க" என்றார் பூபதிராஜா.

சென்னிமலை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். எண்ணெய்க் கையோடு பூபதிராஜாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"அட சாமி! நாங்களும் ஆந்தை தானுங்க! பங்காளி! அதான் பாத்ததீமே ஒட்டிக்கிச்சு! கௌசிக்கு, இது உனக்குத் தங்கச்சி முறை ஆகோணும்டா. கண்ணு, அத்தைங்காதே, பெரீம்மான்னு கூப்புடு!"

ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் அண்ணன் தங்கை. பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. கிணத்துக்கடவுக்காரர்கள் தூரன் கூட்டம். இவர்கள் நெகமம். நிஜமாகவே நெகமம். இவன் கௌசிக். பிறந்ததிலிருந்தே கௌசிக்.

பூபதிராஜா உண்மையிலேயே சந்தோஷப்பட்டுப் போனார். போன வருடம் குலதெய்வம் கோயில் கும்பாபிஷேகத்துக்கு வந்தீர்களா, எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். வனிதா அவர் முகத்தையே பார்த்தாள். மனிதருக்கு எதற்காக வந்தோம் என்பதே மறந்துபோயிருந்தது.

அப்படியானால் அவர்கள் எங்கே?

அவர்கள் வந்திருப்பார்கள். லைட்ஹவுஸ் பக்கம் நின்று பாசிப்பயறு புடவையைத் தேடியிருப்பார்கள். பார்த்தும் இருப்பார்கள். யாரோ ஒரு தாடிக்காரனோடு பெண் நின்று இளநீர் குடிப்பதையும், யாரோ ஒரு அம்மாள் அவள் பின்னலைப் பிடித்துப் பார்ப்பதையும், பெண்ணைப் பெற்றவள் மீன் தட்டோடு குறுக்கும் நெடுக்கும் ஓடுவதையும் பார்த்திருப்பார்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்குப் பெண் காட்டுகிற குடும்பம் என்று நினைத்திருப்பார்கள்!

"இதா வந்தர்றேன்" என்று எழுந்தாள். யாரும் கவனிக்கவில்லை. பங்காளிகள் இன்னும் கோயிலில்தான் இருந்தார்கள்.

மணலில் கால் புதையப் புதைய நடந்தாள். ஓட்டல் வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு. உயரமான பையன்கள் எத்தனை பேர்! கண்ணாடி போட்டவர்கள் எத்தனை பேர்! ஒருத்தன் தெலுங்கு பேசினான். இன்னொருத்தன் கையில் குழந்தை. லைட்ஹவுஸ் படிக்கட்டுக்குப் போனாள். நேரம் முடிந்துவிட்டது என்று காவலாளி கேட்டை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தான். சுவரோரம் போய் நின்று போனை எடுத்தாள். கேட்கக் கூடாது என்றால் கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டாள்.

"நங்கை, அவங்க வந்தாங்களா? என்னமாச்சும் சொன்னாங்களா?"

மறுமுனையில் கமலாத்தாள் வெடித்தாள். "கேக்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனே! உனக்கு அறிவிருக்குதா? வந்தா வந்தாங்க, வரலைன்னா அதுவே பதிலு. போனை வையி!"

வைத்துவிட்டாள். வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்களா, வரவே இல்லையா? எப்படிப் பார்த்தாலும் பதில் ஒன்றுதான். ஆனாலும் கால் நிற்க மாட்டேன் என்றது. மறுபடியும் முதல் குடையிலிருந்து ஆரம்பித்தாள். கூட்டம் மெல்ல மெல்லக் கலைந்துகொண்டிருந்தது. நாற்காலிகளை மடக்கி அடுக்க ஆரம்பித்திருந்தார்கள். ஈரம் காய்ந்த புடவையில் உப்புப் பூத்து, நடக்கும்போது மொடமொடவென்று உரசியது.

"அம்மா!"

கிருத்திகா பின்னாலேயே வந்திருந்தாள். செருப்பைக் கையில் பிடித்திருந்தாள்.

"பங்காளிக ரெண்டு பேரும் அடுத்த கிடாவெட்டுக்கு இப்பவே நாள் குறிக்கறாங்க. நீ இங்க என்ன பண்றே?"

வனிதாவின் வாயில் பொய் தயாராக இருந்தது. காலையிலிருந்தே வரிசையாக வந்துகொண்டிருக்கிறது, இன்னொன்றுக்கா பஞ்சம்?

"கம்மலு கண்ணு. மணல்ல உழுந்திருச்சு போல. அதான் தொழாவறேன்."

கிருத்திகா பக்கத்தில் வந்தாள். அம்மாவின் இரண்டு காதிலும் கையை வைத்தாள். மாட்டுக்குச் சுரம் பார்க்கும்போது காதைப் பிடிப்பாளே, அதே மாதிரி மெதுவாக.

"ரெண்டும் காதுலயேதான் இருக்குது."

வனிதா கம்மலைத் தடவிக்கொண்டாள். சொல்லிவிடலாமா? சொன்னால் போய்விடுவாள். சொல்லாவிட்டால்?

"கிருத்தி... உங்கத்தைதான் சொன்னா. நான் வேண்டாம்னுதான்..."

"கிணத்துக்கடவுக்காரங்க வரமாட்டாங்கம்மா."

அலை ஒன்று வந்து இருவர் காலையும் நனைத்துவிட்டுப் போனது. லைஃப்கார்டு கடைசியாக ஒரு விசில் ஊதி, தண்ணீரில் நின்றவர்களையெல்லாம் மேலே வரச் சொன்னான்.

"உனக்கு... எப்பிடி..."

"ஆடியிலயே அந்தப் பையன் எனக்குப் போன் பண்ணுனாரு. இந்த மாதிரி ஏற்பாடு பண்றாங்க, உங்களுக்குச் சம்மதமான்னு கேட்டாரு. நல்ல மனுசன். எனக்குச் சம்மதமில்லைங்க, வராதீங்கன்னு சொன்னேன். சரின்னுட்டாரு."

ஆடியிலேயே. அப்படியென்றால் ரயிலுக்கு முன்பதிவு செய்தபோதே தெரியும். பாசிப்பயறு புடவையை இஸ்திரி போட்டுக் கொடுத்தபோதும் தெரியும். அந்தப் பின்னலைப் பிடித்தபோது பார்த்த பார்வை, முதுகுக்குப் பின்னால் எடுத்துக்கொண்டே இருந்த படங்கள், கப்பல் போகுது பாரு என்று காட்டிய கை. வனிதா அத்தனையையும் ஒன்றன்பின் ஒன்றாக நினைத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அவள் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாந் தெரிஞ்சிருந்தும் அப்பறம் எதுக்குக் கண்ணு வந்தே?"

கிருத்திகா அம்மாவின் தோளைப் பிடித்துக் கடல் பக்கமாகத் திருப்பினாள். சூரியனில் கடைசிக் கீற்று மட்டும் தண்ணீருக்கு மேலே மிச்சமிருந்தது.

"திங்கக்கெழம நான் காசர்கோட்டுல சேரோணும்மா, அதுக்கு முன்னால ஒரு நாளு உங்கூட உக்காந்து கடலு பாக்கலாம்னுதான் வந்தேன்."